படத்தில் நாலாவது ஆள்

என் மகனும் மகளும் அவர்களுடைய அம்மாவும் சேர்ந்து நின்று போனை நீட்டிப் படம் எடுக்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய்த் தலையை நுழைத்துவிடுவேன். ஈரத்தலையோடு நின்றாலும் சரி, வாய் நிறைய தோசை இருந்தாலும் சரி.

"அப்பா, எப்பப் பாத்தாலும் இப்படி இடையில வந்து சாடணுமா?" என்பாள் மகள்.

"ஊர்ல உள்ளவங்களை எல்லாம் போட்டோ எடுத்தாச்சு. இனி அப்பாவை எடுக்க ஆளில்லல்லோ, பாவம்," என்பான் மகன். பிறகு இரண்டு பேரும் மலையாளத்தில் என்னவோ சொல்லிச் சிரிப்பார்கள், எனக்கு மலையாளம் தெரியாது என்கிற மாதிரி.

என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்று சொன்ன வீடுகளில்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். பிள்ளைகளுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகையால் இது அவர்களுக்கு எழுதுவது. பெரியவர்களும் கூட உட்கார்ந்து கேட்கலாம். நான் எதையாவது மாற்றிச் சொன்னால் திருத்தலாம்.

எங்கள் வீடு மலையாளம் பேசுகிற கரமனையில் இருந்தது. நாகர்கோவில் போகிற பெரிய ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு சந்தில், மாடியில் ஒற்றை அறை மட்டும் உள்ள வாடகை வீடு. அப்பாவும் அம்மாவும் நாஞ்சில் நாட்டுக்காரர்கள். அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதினார். நான் ஒரே பிள்ளை. ஆக, வீட்டில் ஆள் மூன்று. சிக்கலே அங்கேதான்.

மூன்று பேர் மட்டும் நிற்கும் படத்துக்கு அம்மா சம்மதிக்கவே மாட்டாள். நாலாவதாக யாரையாவது பிடித்து நிறுத்தினால்தான் வருவாள். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். கோயில் பொங்காலை அன்று எடுத்த படத்தில் எங்களோடு நிற்பவர் அடுத்த வீட்டு டீச்சர். என் பிறந்தநாள் படத்தில் நிற்பவர் காஸ் சிலிண்டர் கொண்டுவந்த அண்ணன். தோளில் துண்டு, முகமெல்லாம் வியர்வை, கையில் நாங்கள் கொடுத்த லட்டு. மிருகக்காட்சி சாலையில் எடுத்த படத்தில் இருப்பவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நீர்யானையைப் பார்க்க வந்த மனிதர். "அண்ணே, இங்ஙன ஒரு நிமிசம் நில்லுங்க," என்று அம்மா கூப்பிட்டாள். அவரும் வந்து நின்றார். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் அந்தப் படத்தில் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், "இது யாரு, உங்க கொழுந்தனா?"

"இல்ல, அது காஸ் கொண்டு வாற ஆளு," என்பாள் அம்மா, அதில் விசேஷம் ஒன்றும் இல்லாதது போல.

மாடி அறையில் ஒரு சார் குடியிருந்தார். திருச்சூர் பக்கத்துக்காரர், சர்வே ஆபீசில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. அவரை நாங்கள் மாடி சார் என்போம். அவருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று மீசை, இன்னொன்று கேமரா. மீசையைத் தினமும் துடைத்து முறுக்குவார். கேமராவை ஞாயிற்றுக்கிழமைதான் துடைப்பார். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தோல் உறையின் பித்தளைப் பொத்தான் 'டப்' என்று திறக்கும். உள்ளேயிருந்து தோலும் பூச்சி உருண்டையும் கலந்த ஒரு வாசனை வரும். நான் ஒரு படி மேலே நகர்ந்தால் போதும், திரும்பிப் பார்க்காமலே சொல்வார்:

"எடா, தொடல்லே!"

தொட்டதே இல்லை. ஆனால் அந்தக் கேமராவில் எங்கே என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் முன்பக்கம் இருந்த ஒரு சின்ன நெம்புகோல். அதைக் கீழே திருப்பி ஒரு பொத்தானை அமுக்கினால், கேமரா தானாகவே 'கர்ர்ர்' என்று முனகிக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருக்கும். அதற்குள் எடுக்கிறவரும் ஓடிப்போய்ப் படத்தில் நின்றுகொள்ளலாம். எங்கள் வீட்டுப் படங்களில் பாதிக்கு மேல் மாடி சார்தான் நாலாவது ஆள். முண்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வருவார். ஒரு விஷு அன்று கால் வழுக்கிவிட்டது. அந்தப் படத்தில் நாங்கள் மூவரும் விறைப்பாக நிற்கிறோம், எங்கள் முன்னால் சாரின் முதுகு மட்டும் பறந்துகொண்டிருக்கிறது. அம்மா அந்தப் படத்தையும் கழிக்கவில்லை. ஆள் நாலு இருக்கிறதே!

நான் சோப்பு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு ஒரு கேமரா செய்து வைத்திருந்தேன். 'கர்ர்ர்' சத்தத்தை வாயால் போடுவேன். தெருவில் போகிற பால்காரர், நாய், பஸ்ஸுக்கு ஓடுகிற டீச்சர் எல்லோரையும் எடுத்தேன். சார் பிலிம் மாற்றும் நாள் எனக்குப் பண்டிகை. கறுப்பு டப்பாவைத் திறந்தால் புதுச் செருப்பும் மருந்துக்கடையும் சேர்ந்தாற்போல ஒரு மணம் வரும். சாம்பல் நிற மூடியோடு அந்த டப்பாவை அம்மா வாங்கிப் பெருங்காயம் போட்டு வைப்பாள். பிலிம் அட்டைக்குள் மடித்து வைத்த ஒரு காகிதம் இருக்கும், அது எனக்கு. அதில் எழுத்து கொஞ்சம், படம் அதிகம். மேகம், வெயில், வீட்டுக்குள் என்று சின்னச் சின்னப் படங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு மனிதன் கேமராவோடு நிற்கிறான், அவன் முதுகுக்குப் பின்னால் சூரியன். சூரியனை முதுகில் வைத்துக்கொள் என்பதுதான் அதன் பொருள். பாடப்புத்தகத்தில் எதுவும் அப்படி என் மண்டையில் ஏறியதில்லை.

நான் ஏழாவது படித்த வருஷம் அப்பாவுக்கு துபாயில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. விசா வந்த அன்று அம்மா பாயசம் வைத்தாள். வைத்துவிட்டு அடுக்களையிலேயே ரொம்ப நேரம் நின்றாள்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பெட்டிக்குள்ள வைக்க ஒரு படம் வேணும். நாம மூணு பேரும் மட்டும் இருக்கப்பட்ட படம்."

"மாடி சாரையும் கூப்பிடுவோம். அவரும் நிக்கட்டு," என்றாள் அம்மா.

"அந்த மனுசன் மீசையத் தெனமும் பாத்துக்கிட்டுக் கெடக்கவா நான் துபாய்க்குப் போறேன்? எனக்கு உன்னையும் பயலையும் பாத்தா மதி, அது போதும்."

"மூணு பேரு வேண்டாம்."

"நீ எந்தக் காலத்துல இருக்கே? மனுசன் சந்திரனுக்குப் போயிட்டு வந்தாச்சு."

"சந்திரனுக்குப் போனவன் போட்டும். நீங்க பிளேன்ல ஏறப் போறீய. இந்த நேரத்துல எனக்கு அது வேண்டாம். சரி, நடுவுல யாரு நிக்கணும்? நீங்களா, பிள்ளையா? சொல்லுங்க பாப்போம்."

அப்பாவுக்கு அந்த நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் "நீயே நில்லு" என்று அவர் வாயிலிருந்து வரவில்லை. அதை நான் இப்போதுதான் யோசிக்கிறேன்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்துவிட்டது. எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னலுக்கு நேர் மேலேதான் சாரின் அறை. மறுநாள் சார் இறங்கி வந்து, பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்க்காமல், அம்மாவிடம் மட்டும், ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "சேச்சி, இனி படத்தினு மீச இல்லாத்த ஆரெயெங்கிலும் விளிச்சு நிறுத்திக்கோ."

இனிமேல் மீசை இல்லாத ஆளாகப் பார்த்துக் கூப்பிட வேண்டுமாம். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாரே, நான் சும்மா ஒரு தமாசுக்குச் சொன்னதாக்கும்."

"தமாசாயிக்கோட்டே," என்று சொல்லிவிட்டு சார் குடையை எடுத்துக்கொண்டு போனார். அன்று மழையே இல்லை.

அப்பா கிளம்புவதற்கு முந்தின நாள்தான் ஹர்த்தால் வந்தது. எதற்கான ஹர்த்தால் என்பது மறந்துவிட்டது. கடை ஒன்றும் இல்லை, பஸ் ஒன்றும் இல்லை, ஸ்டுடியோ எல்லாம் பூட்டு. விடிந்தால் விமானம். படம் எடுக்கவில்லை. ஆறின தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாரே தவிர அப்பா சாப்பிடவில்லை. கடைசியில் அம்மாவே மாடிப் படியேறினாள். கையில் ஒரு கிண்ணம் தீயல் குழம்பு. சார் அதற்கு மயங்குவார் என்பது தெரிந்த விஷயம்.

இறங்கி வரும்போது கேமரா வந்தது. பின்னாலே சாரும் வந்தார். "சேச்சி சோதிச்சது கொண்டு மாத்ரம். ஞான் படத்தில் நிக்கில்லா. பிலிமில் ரெண்டெண்ணமே பாக்கியுள்ளு."

அம்மா கேட்டதற்காக மட்டும் வந்தாராம், படத்தில் நிற்க மாட்டாராம். பாக்கி இரண்டே படம். புதுப் பிலிம் வாங்கக் கடை இல்லை.

அப்பா திடீரென்று எழுந்து வெளியே போனார். திரும்பும்போது அவர் கையில் டீச்சர் வீட்டுப் பூனை இருந்தது. "உயிருள்ளதுதானே? நாலாவது இது. இப்ப என்ன சொல்லுதே?"

அம்மா பூனையைப் பார்த்தாள். பூனை அம்மாவைப் பார்த்தது. "சரி, பிள்ளை மடியில வச்சிருக்கட்டும்," என்றாள், அரை மனதாக. முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். என் மடியில் பூனை. சார் கண்ணைக் கேமராவில் வைத்த அடுத்த நொடி பூனை என் தொடையில் நகத்தைப் பதித்துவிட்டுப் பாய்ந்தது. நான் அதன் பின்னால் பாய்ந்தேன். 'க்ளிக்' என்றது.

"அய்யோ, பூனை போயிட்டே! மூணாயிட்டே!" அம்மா தலையில் கைவைத்தாள். "சாரே, அத அழிக்க முடியாதா?"

"என்டெ பிலிமும் போயி, பூச்சயும் போயி," என்றார் சார், பூனை ஓடிய பக்கத்தைப் பார்த்து.

பிறகு பிரிண்ட் வந்தபோது பார்த்தால் அப்பா, அம்மா, பூனையின் வால், என் ஒரு கால். "கால் மட்டும்னா கணக்கில்ல," என்று அம்மா பெருமூச்சு விட்டாள். ஆனால் அது பின்னால் நடந்தது. அன்றைக்கு அந்தப் பயத்தில் அவள் இனிமேல் மூன்று பேர் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை.

மிச்சம் ஒரே ஒரு படம்.

"அப்ப பயலை மட்டும் எடும் சாரே," என்றார் அப்பா.

"நீங்களும் அவனுமா நில்லுங்க," என்றாள் அம்மா.

"நீ இல்லாமலா?"

"அப்ப நானும் நீங்களும். பிள்ளை எங்க போவான்? அவனுக்க பாஸ்போர்ட் சைஸு உங்க பர்ஸ்ல இருக்கல்லா?"

"அது ஸ்கூலுக்கு எடுத்தது. அதுல அவன் கள்ளன் மாதிரில்லா இருக்கான்."

எந்த இரண்டு பேரை எடுத்தாலும் ஒருவர் வெளியே. அப்போது நான் சொன்னேன்: "நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க. நான் எடுக்கேன்."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். "எம்பிள்ளைக்கு இந்த வயசுலயே என்ன மனசு!" அப்பா என் தலையைத் தடவினார். சாரின் முகம்கூட இளகியது. அவர்கள் மூவருமே தப்பாகப் புரிந்துகொண்டார்கள். நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பொத்தானை ஒருதடவை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். படத்தில் நிற்பதைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது. இதை நான் அன்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேமரா கைக்கு வந்திருக்காது.

"முற்றத்துல வேண்டாம். நிழலா கெடக்கு. ரோட்டுக்குப் போவோம்," என்றார் அப்பா.

பெரிய ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. மற்ற நாளில் அந்த ரோட்டைக் கடக்கவே அம்மா என் மணிக்கட்டைச் சிவக்கச் சிவக்கப் பிடித்திருப்பாள். அன்று நடு ரோட்டில் வெள்ளைக் கோட்டின் மேல் அவளே நடந்து போய் நின்றாள். பின்னால் கரமனைப் பாலம். ஆற்றுக் காற்றில் சேலைத் தலைப்பு படபடத்தது. அப்பா வெள்ளை வேட்டி, கல்யாணத்துக்குத் தைத்த சட்டை. நாலு மணி தாண்டிய வெயில், மஞ்சளாகத் தாழ்ந்திருந்தது.

சார் எல்லாவற்றையும் திருகி வைத்துவிட்டுக் கேமராவை என் கையில் வைத்தார். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டு, ரோட்டின் அந்த ஓரத்துக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நான் பார்க்கப் போவதில்லை" என்கிற நிற்பு. ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எனக்குக் காகிதத்தில் கண்ட படம் நினைவு வந்தது. சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றேன். கழுத்து பின்னால் சுட்டது. சின்னக் கண்ணாடிக்குள் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் தெரிந்தார்கள். வீட்டில் எப்போதும் ஆளுக்கொரு பக்கம் வேலையாக இருப்பவர்கள். இப்படிச் சேர்ந்து, என்னை மட்டும் பார்த்துக்கொண்டு நின்று நான் கண்டதேயில்லை. அப்பா சிரிக்கவில்லை. அம்மாவின் கை அவர் சட்டை ஓரத்தைப் பிடித்திருந்தது, பிள்ளைகள் பஸ்ஸில் பிடித்துக்கொள்வது போல. மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன்.

அந்தச் சத்தத்தை இன்றைக்கும் நான் கேட்கிறேன். அதற்குப் பிறகு ஆயிரம் கேமராக்களின் சத்தம் கேட்டாயிற்று.

விடியுமுன் அப்பா போனார். பெட்டியில் அம்மா வைத்த பிலிம் டப்பா ஒன்று இருந்தது, நிறைய குங்குமம். படம் மட்டும் இல்லை.

ஹர்த்தால் முடிந்து கடை திறந்ததும் சார் பிலிமைக் கழுவக் கொடுத்தார். பிரிண்ட் வாங்கி வந்த சாயங்காலம், கவரை அம்மாவிடம் கொடுக்கும்போதே தலையை ஆட்டினார். "நாசமாக்கிக் களஞ்ஞல்லோடா! சூரியன் முதுகில் வச்சா நிழல் எவிடெ போகும்? அது நோக்கண்டே?"

நிழல் எங்கே விழும் என்று நான் பார்த்திருக்க வேண்டுமாம். காகிதத்தில் நிழலைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை. படத்தில் அப்பாவும் அம்மாவும் நன்றாகத்தான் நின்றார்கள். ஆனால் கீழே தாரிலிருந்து ஒரு நீள நிழல் எழுந்து அவர்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒல்லி உடம்பு, கேமராவைப் பிடித்ததால் இரண்டு பக்கமும் துருத்திய முழங்கைகள். தலை போய் முடிந்த இடம் அவர்கள் இரண்டு பேரின் காலடிக்கும் நடுவில். எனக்குக் கிடைத்த ஒரே படம், அதையும் கெடுத்துவிட்டேனே!

அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மக்கா, இதுல ஆளு எத்தன?"

"ரெண்டு."

"நல்லா எண்ணிப் பாத்தியா?"

"ரெண்டுதாம்மா. மத்தது நிழலு."

ஒரு விரலை அந்த நிழலின் தலையில் வைத்தாள். "நிழலைக் கணக்குல சேக்காண்டாம்," என்றாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து சார் குழம்பிவிட்டார். அவருக்கு அது கெட்டுப்போன படம், பணம் வாங்காமல் கொடுக்கக்கூடக் கடைக்காரன் வெட்கப்படுகிற படம். அம்மா அன்றைக்கே அதைக் கவரில் போட்டுத் துபாய்க்கு அனுப்பினாள்.

அந்தக் காலத்தில் போன் அபூர்வம். பேசிப் பதிவு செய்த கேசட்டை ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அப்பாவின் முதல் கேசட் வந்ததும் டீச்சர் வீட்டு டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். பெரியப்பா வீட்டு விசேஷம், வாடகை, மாவு அரைக்கிற மில் எல்லாம் விசாரித்துவிட்டு, ஒரு இருமல். பிறகு:

"மக்கா, படம் கிட்டிச்சு. ரூம்ல கூடக் கெடக்கப்பட்ட ஆளுவ எல்லாம் பாத்தாச்சு. பய்யன் எங்கன்னு கேட்டாவ. நான் காலடியத் தொட்டுக் காட்டினேன். இன்னா நிக்கான்லான்னேன்."

அதோடு அந்தப் பக்கம் முடிந்துவிட்டது. டேப் சும்மா ஓடியது. யாரும் நிறுத்தவில்லை. பல வருஷம் கழித்து அந்தக் கேசட்டின் மேல் யாரோ பக்திப் பாட்டைப் பதிந்துவிட்டார்கள். யார் என்று நான் கேட்கவே இல்லை.

முதல் லீவுக்கு வந்தபோது அப்பா எனக்கு ஒரு சின்னக் கேமரா கொண்டுவந்தார். பிளாஸ்டிக்தான். திருப்புவதற்கு ஒன்றும் இல்லை, அமுக்கினால் போதும். மாடி சாருக்கும் ஒன்று கொண்டுவந்தார், மனத்தாங்கலைத் தீர்ப்பதற்காக. யோசித்து யோசித்து வாங்கியது. மின்சார ஷேவர்! சார் அட்டையைத் திறந்து பார்த்துவிட்டு, அதை மறுபடி மூடிவிட்டு மாடியேறிப் போனார். நல்ல கம்பெனி ஷேவர் அது, அவருக்கு ஏன் பிடிக்கவில்லை என்று அப்பா சாகும்வரை ஆச்சரியப்பட்டார்.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றது. அப்பா என்னைக் கணக்கெழுதும் வேலையில் போட நினைத்தார். எனக்குக் கூட்டல் வராது. தம்பானூரில் லாட்ஜுகளுக்கு இடையில் இருந்த ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். அங்கே பாஸ்போர்ட் படம் எடுத்தேன். பிறகு கல்யாணம், காதுகுத்து, கல்லூரி விழா. விழிஞ்ஞத்தில் துறைமுக வேலை தொடங்கியபோது கல் கொட்டுகிற பெரிய பெரிய படகுகளைக்கூட எடுத்திருக்கிறேன். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் என் மனம் மனிதர்கள் நிற்கிற படத்தில்தான்.

ஸ்டுடியோவில் ஒரு விஷயத்தை அடிக்கடி பார்த்தேன். வளைகுடா போகிறவர், மனைவி, ஒரு குழந்தை. வந்து நிற்பார்கள். விளக்கைப் போடுவேன். அந்தப் பெண்ணின் கண் ஒரு தடவை அங்குமிங்கும் போகும். எனக்குப் புரிந்துவிடும். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, 'கர்ர்ர்' வைத்துவிட்டு, நானே ஓடிப்போய் ஓரத்தில் நிற்பேன். அவர்களுக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு அந்தப் பெண்ணின் தோள் இறங்கும். அப்போது விழுகிற படம்தான் படம்.

"தன்டெ மோந்த எத்ர வீட்டிலுண்டெடோ!" என்று ஸ்டுடியோ முதலாளி கேலி செய்வார். என் முகம் எத்தனை வீட்டில் இருக்கிறதோ, தெரியாது. ஒருதடவை கல்யாணம் எடுக்கப் போன வீட்டில் சுவரில் நானே நின்றுகொண்டிருந்தேன், தலை நிறைய சுருட்டை முடியோடு. "அது யாரும்மா?" என்று மணப்பெண்ணிடம் கேட்டேன். "அப்பாவோட ஃபிரண்ட் யாரோ, ஒரு மாமா," என்றாள். அந்த மாமாதான் அன்று அவளுடைய கல்யாணத்தை எடுத்தார் என்று நான் சொல்லவில்லை.

அம்மாவின் பிடிவாதத்தை நானும் அப்பாவும் வெகுகாலம் விளையாட்டாகவே பேசிவந்தோம். அவளுக்கு அவ்வளவுதான் தெரியும் என்று நினைத்தோம். எனக்கு நரை விழுந்த பிறகு ஒருநாள், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் நேராகவே கேட்டேன்.

"சுசீந்திரம் தேருக்குப் போனப்ப, நாங்க அக்கா தங்கச்சி மூணு பேரும் ஒரு ஸ்டால்ல நின்னு எடுத்தோம். நடுவுல அக்கா. அந்த வருசமே காய்ச்சல்ல போயிட்டா."

"அந்தப் படத்தாலன்னு நீ நெனைச்சியா?"

"எனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? காய்ச்சல்லன்னுதானே சொல்லுதேன்." கத்தி நிற்கவில்லை. "அந்தப் படத்த யாரு பாத்தாலும் நடுவுல நிக்கது யாருன்னுதான் முதல்ல கேப்பாவ. எங்கம்மைக்குப் பதில் சொல்ல ஏலாது. எந்திரிச்சி உள்ள போயிருவா. நாலு பேரு நின்னா இது யாரு, அது யாருன்னு கேட்டுட்டுப் போவாவ. நேரா அங்க வந்து விரலை வைக்க மாட்டாவல்லா?"

வெண்டைக்காயை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். காஸ் கொண்டுவந்த அண்ணனும், நீர்யானை பார்க்க வந்தவரும் அத்தனை வருஷம் எங்கள் சுவரில் எதற்காக நின்றார்கள் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

அப்பா போன வருஷம் இறந்துபோனார். பெட்டியைக் குடைந்தபோது அந்தப் படம் கிடைத்தது. ஓரமெல்லாம் தேய்ந்து, மூலையில் குங்குமக் கறை. கூடத்தில் மாட்ட அதையே பெரிதாக்கலாம் என்று அம்மா சொன்னாள். அப்பாவின் தலையை மட்டும் வெட்டி எடுத்து மாலை போட வேண்டாம், முழுசாக வேண்டும் என்றாள்.

லேபில் இருந்த பையனுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கறைகளை எல்லாம் துடைத்தான். கெட்டிக்காரன். கடைசியில் அம்பு போய் அந்த நிழல் மேல் நின்றது, அதையும் துடைத்துவிட.

"அங்கிளே, ஈ நிழல் ஞான் களயட்டே? ரெண்டு மினிட் மதி."

"மோனே, தொடல்லே," என்றேன். "அது ஞானாணு."

அது நான்தான் என்றதும் அவன் நிழலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான்.

படம் மாட்டி சில நாள் கழித்து மாடி சார் துக்கம் கேட்க வந்தார். ரிட்டயர் ஆகித் திருச்சூருக்கே போய்விட்டவர், ரயிலில் வந்திருந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. மீசை இல்லை. வழுவழுவென்று முழுதும் எடுத்த முகம். கூடத்தில் உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டே சுவரை அண்ணாந்து பார்த்தார். நிழல் விழுந்த படத்தையே மாட்டியிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஈ படம் கூடாதெ வேறொந்நும் கிட்டியில்லே, சேச்சி? நிழல் வீணதாணு. அந்நே ஞான் பறஞ்ஞில்லே?"

அம்மா எழுந்தாள். இப்போது அவளுக்கு முழங்கால் மடங்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு படத்தின் அருகே போனாள்.

"சாரே, நல்லாப் பாருங்க. இது அவிய. இது நான்." விரல் கீழே இறங்கி அந்தத் தலையில் நின்றது. "இது எம்மவன். நாங்க மூணு பேரு மட்டும் எடுத்துக்கிட்ட ஒரே படமாக்கும் இது."

எங்களை மூன்று பேர் என்று அம்மா பயமில்லாமல் சொல்லி நான் கேட்டது அன்றுதான். சார் எழுந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார், அம்மாவின் பழைய பயம் நினைவு வந்தவராக.

"மூணோ? அப்போ சேச்சிக்குப் பேடியில்லே? நாலாமத்தெ ஆள் வேண்டே?"

"ஏன், நீங்க இருந்தியல்லா?" என்றாள் அம்மா. படத்தின் சட்டத்துக்கு வெளியே, வெறும் சுவரில் ஒரு இடத்தைக் காட்டினாள். "இன்னா, இங்ஙன. ரோட்டோரத்துல கையக் கட்டிக்கிட்டு."

சார் அந்த வெறும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை மெதுவாக எழுந்து, மீசை இருந்த இடத்தை ஒருதடவை தடவிக்கொண்டது.